பதினைந்து ஆண்டு தள்ளிப்போன கோள்: காமா செஃபை இரட்டை விண்மீன், ஒரு நிகழ்வு ஆய்வு

## இந்தப் பதிவு எதற்கு

ஓர் ஆய்வுக் குழு ஒன்றைக் கண்டது, கண்டதைச் சொன்னது. நான்கு ஆண்டு சென்றதும், அது வேறொன்றாக இருக்கலாம் என்று தானே பின்வாங்கியது. அதற்குப் பிறகு பதினோரு ஆண்டு கழித்து, முதலில் சொன்னதே சரி என்று தெரியவந்தது. இடையில் யாரும் பொய் சொல்லவில்லை. கணக்கிலும் பெரிய பிழை இல்லை. அன்றன்று கையில் இருந்த சான்றை வைத்து நியாயமாகத்தான் முடிவெடுத்தார்கள். அப்படியிருந்தும் ஒரு கோள் பதினைந்து ஆண்டு காத்திருக்க நேர்ந்தது.

காமா செஃபை என்ற இரட்டை விண்மீனையும் அதைச் சுற்றும் கோளையும் பற்றியது இது. வானியலுக்கு வெளியே இருப்பவர்களுக்கும் பயன்படும் என்று நினைக்கிறேன். கிணற்று நீர்மட்டமோ கடல்மட்டமோ, ஆண்டுக்கணக்கில் ஒன்றை அளந்துகொண்டே இருப்பவர்கள் எல்லோருக்கும் இந்தச் சிக்கல் ஒருநாள் வரும். சம்பந்தப்பட்ட ஆய்வாளர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். இங்கே பார்க்க வேண்டியது முடிவுகளை, ஆட்களை அல்ல.

## விண்மீன்

காமா செஃபை நம்மிடமிருந்து ஏறத்தாழ 45 ஒளியாண்டு தொலைவில், வடவானின் செஃபியஸ் விண்மீன் கூட்டத்தில் இருக்கிறது. விண்மீன்களுக்கிடையிலான தொலைவுகளை நினைத்தால் இது பக்கத்துத் தெரு. வெறும் கண்ணுக்கே தெரியும். சென்னையில் கார்த்திகைத் தொடக்கத்தில் இரவு 8 மணி வாக்கில் வடக்கே பார்த்தால், அடிவானத்துக்கு மேல் 25 பாகை உயரத்தில் மங்கலான ஆரஞ்சுப் புள்ளியாக நிற்கும், நகர வெளிச்சம் விட்டுவைத்தால். பூமியின் அச்சு மெல்லத் திரும்பிக்கொண்டிருப்பதால் கி.பி. 3000 வாக்கில் துருவ நட்சத்திரம் என்ற பட்டம் இதற்கு வந்து சேரும்.

இன்று நமக்குத் தெரிந்தது இது: முதன்மை விண்மீன் சூரியனைவிடச் சற்றுக் கனமானது, ஏறத்தாழ ஐந்து மடங்கு அகலமானது. மையத்தில் ஹைட்ரஜன் தீர்ந்து, உப்பத் தொடங்கிவிட்ட நடுத்தர வயதைக் கடந்த விண்மீன். அதன் துணை, சூரியனின் எடையில் பத்தில் நான்கு பங்கே உள்ள மங்கிய சிவப்புக் குள்ளன். இரண்டும் ஒன்றையொன்று ஒருமுறை சுற்ற 66 அல்லது 67 ஆண்டாகிறது. சராசரி இடைவெளி 20 வானியல் அலகு (பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவு ஓர் அலகு), அதாவது ஏறத்தாழ சூரியனிலிருந்து யுரேனஸ் இருக்கும் தொலைவு. பாதை நீள்வட்டம் என்பதால், மிக நெருங்கும்போது அது 12 அலகாகக் குறையும். கோள் முதன்மை விண்மீனை மட்டும், 2 அலகுக்குச் சற்று மேற்பட்ட தொலைவில், இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை சுற்றுகிறது.

1980இல் இதில் எதுவும் தெரியாது. துணை விண்மீன் ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. பிரகாசமான, அமைதியான ஒற்றை விண்மீன் என்று நினைத்துத்தான் பட்டியலில் சேர்த்தார்கள். இந்த நிகழ்வின் எல்லாச் சிக்கலும் அந்த நினைப்பிலிருந்து தொடங்குகிறது.

## அன்றைய சூழல்

பிற விண்மீன்களுக்குக் கோள் தேடுவது அன்று மரியாதையான வேலையாகக் கருதப்படவில்லை. காரணம் இருந்தது. 1960களில் பர்னார்டு விண்மீன் லேசாக அசைகிறது, அதற்குக் கோள் இருக்கிறது என்று ஓர் அறிவிப்பு வந்து, பாடப்புத்தகம் வரை போனது. 1973இல் வேறு தொலைநோக்கிகளின் புகைப்படத் தட்டுகளை அளந்தவர்களுக்கு அந்த அசைவு கிடைக்கவில்லை. முதல் தொலைநோக்கியின் வில்லையைக் கழற்றி மாட்டிய காலத்தோடு அந்த அசைவு ஒத்துப்போனது. விண்மீன் ஆடவில்லை, கருவிதான் ஆடியிருக்கிறது. அதன்பின் கோள் என்று வாயைத் திறப்பவரிடம் எல்லோரும் முதலில் கேட்டது, உன் கருவியைச் சோதித்தாயா என்பதைத்தான்.

கனடாவின் மேற்குக் கரையில் இருந்த ஒரு சிறு குழு இந்தக் கேள்விக்கு நேரடியான பதிலை உருவாக்கியது.

## கருவியும் அதன் விஷமும்

கோளைப் பார்க்க முடியாது. ஆனால் கோள் சுற்றும்போது விண்மீனும் ஒரு சிறு வட்டம் போடும். நம்மை நோக்கி வரும்போது அதன் ஒளியின் அலைநீளம் துளி குறையும், விலகும்போது துளி கூடும். வியாழன் நம் சூரியனை ஆட்டுவது வினாடிக்கு 12 மீட்டர் சொச்சம், அதுவும் 12 ஆண்டுக்கு ஒரு சுற்று. காமா செஃபையின் கோள் அதன் விண்மீனை ஆட்டுவது வினாடிக்கு 27 மீட்டர் வேகத்தில். மணிக்கு நூறு கிலோமீட்டர் என்று சொன்னால் புரியும்: நெடுஞ்சாலையில் போகும் பேருந்தின் வேகம். அந்த வேகத்தால் நிறமாலைக் கோடு (விண்மீன் ஒளியை நிறங்களாகப் பிரித்தால் தெரியும் கருங்கோடு) நகர்வது தன் அலைநீளத்தில் பத்துக் கோடியில் ஒன்பது பங்கு. அறையின் வெப்பம் சற்று மாறினால், ஒளியைப் பிரிக்கும் கருவியான நிறமாலைமானி தானாகவே அதைவிட அதிகம் நகர்ந்துவிடும்.

ஆகவே அளவுகோலை விண்மீன் ஒளியிலேயே பொறித்துவிடுவது என்று அந்தக் குழு முடிவெடுத்தது. விண்மீனின் ஒளி நிறமாலைமானிக்குள் நுழையுமுன் ஒரு வாயுக் குடுவையைக் கடந்து செல்லும். வாயு தன் கோடுகளை அதே ஒளியில் பதிக்கும். கருவி நகர்ந்தால் இரண்டு வகைக் கோடுகளும் சேர்ந்தே நகரும். விண்மீன் மட்டும் நகர்ந்தால், வாயுவின் கோடுகளுக்கு எதிரில் அது பளிச்சென்று தெரியும்.

தேர்ந்தெடுத்த வாயு ஹைட்ரஜன் ஃப்ளூரைடு. அதன் கோடுகள் அகச்சிவப்பை ஒட்டிய பகுதியில் சீரான இடைவெளியில், எண்ணிக்கையில் குறைவாக, தெளிவாக விழும். ஆனால் அது கண்ணாடியை அரிக்கும், நுரையீரலை எரிக்கும். குடுவையை 100 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தொலைநோக்கி இருக்கும் ஹவாய் மலைக்கு ஒவ்வொரு முறை போகும்போதும் புதிதாக நிரப்ப வேண்டும். 4,200 மீட்டர் உயரத்தில், மூச்சு வாங்கும் இடத்தில், இந்த வாயுவைக் கையாண்டுகொண்டு 12 ஆண்டு வேலை பார்த்திருக்கிறார்கள். பிற்காலத்தில் குடுவை முறையைக் கையாண்டவர்கள் ஆபத்து குறைந்த அயோடினுக்கு மாறிவிட்டார்கள். வாயுக் குடுவை என்ற யோசனை மட்டும் நிலைத்தது.

ஹவாயின் மௌனா கியா மலையில் உள்ள 3.6 மீட்டர் கனடா-பிரான்ஸ்-ஹவாய் தொலைநோக்கியில் வேலை தொடங்கியது. கிடைத்த துல்லியம் வினாடிக்கு ஏறத்தாழ 13 மீட்டர். அதற்கு முன் வழக்கத்தில் இருந்த முறைகள் நூற்றுக்கணக்கான மீட்டர்களில் தடுமாறிக்கொண்டிருந்தன.

## 1981 முதல் 1987 வரை: கண்டது

ஆண்டுக்குச் சில இரவுகள். சூரியனை ஒத்த இருபது சொச்சம் விண்மீன்கள். ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு ஒருசில புள்ளிகள்தான் சேரும்.

காமா செஃபையில் முதலில் தெரிந்தது கோள் அல்ல. அதன் திசைவேகம் ஆண்டுக்கு ஆண்டு ஒரே பக்கமாகச் சரிந்துகொண்டே போனது, அதுவும் மற்ற விண்மீன்களில் எங்கும் காணாத அளவுக்கு. கண்ணுக்குத் தெரியாத கனமான துணை ஒன்று அதை இழுக்கிறது. இப்படித்தான் இது இரட்டை விண்மீன் என்பதே வெளிப்பட்டது. துணையின் சுற்றுக்காலம் பல பத்தாண்டு. குழுவிடம் இருந்தது அந்தப் பாதையின் ஒரு சிறு துண்டு மட்டும்.

அந்தச் சரிவுக்கு ஒரு வளைகோட்டைப் பொருத்திக் கழித்துவிட்டுப் பார்த்தபோது, மிஞ்சிய புள்ளிகள் சிதறலாக இல்லை. ஏறி இறங்கின. சுற்றுக்காலம் 2.7 ஆண்டு, வீச்சு வினாடிக்கு 25 மீட்டர். வியாழனைப் போல் குறைந்தது 1.7 மடங்கு எடையுள்ள ஒரு பொருள் சுற்றினால் இப்படி இருக்கும்.

பெரிய அலையின் முதுகில் ஒரு சிற்றலை. பெரிய அலையின் முழு வடிவம் தெரியாதபோது, சிற்றலையில் எவ்வளவு உண்மை, எவ்வளவு கழித்தலின் மிச்சம் என்று உறுதியாகச் சொல்வது கடினம். இந்தப் பலவீனம் குழுவுக்கும் தெரிந்திருந்தது.

## முதல் முடிவு: சொல்வது

1987 கோடையில் வான்கூவரில் நடந்த அமெரிக்க வானியல் சங்கக் கூட்டத்தில் குழு இதை முன்வைத்தது. 1988இல் 16 விண்மீன்களின் அளவீடுகளோடு கட்டுரை வந்தது. காமா செஃபைக்குக் கோள் எடையுள்ள மூன்றாவது பொருள் இருக்க வாய்ப்புண்டு என்ற அளவில்தான் அதில் எழுதினார்கள். செய்தித்தாள்கள் அந்த வாய்ப்பு என்ற சொல்லை விட்டுவிட்டன என்பதில் வியப்பில்லை.

சொன்னது சரியா? சரி என்றே நினைக்கிறேன். கருவியின் துல்லியத்தைப் போல இரு மடங்கு வீச்சு, இரண்டுக்கு மேற்பட்ட சுற்றுகள், பட்டியலில் உள்ள மற்ற விண்மீன்களில் அதே காலத்தில் அதே ஏற்ற இறக்கம் இல்லை. கடைசிக் காரணம் முக்கியமானது. கருவி ஆடியிருந்தால் எல்லா விண்மீன்களும் சேர்ந்து ஆடியிருக்கும். பர்னார்டு விண்மீனில் தவறிய சோதனையை இவர்கள் தொடக்கத்திலேயே உள்ளே வைத்துக் கட்டியிருந்தார்கள்.

## ஐயம் வளர்ந்த விதம்

ஐயத்தைக் கிளப்பியது வெளியார் அல்ல, இதே குழுதான். அதே குடுவையை வைத்து, வயதாகி உப்பிப் பெருத்த சில ராட்சத விண்மீன்களையும் அளந்து பார்த்தார்கள். ஆடாமல் இருக்கும் என்று நினைத்தவை அத்தனையும் ஆடின, பத்துக்கணக்கான மீட்டரிலிருந்து நூற்றுக்கணக்கான மீட்டர் வரை. 1989இல் அதை வெளியிட்டார்கள். டெக்சஸில் மெக்டொனால்ட் வானாய்வகக் குழுவும் சுவாதி, ரோகிணி, புனர்பூசத்தின் போலக்ஸ் ஆகிய மூன்றிலும் நூற்றுக்கணக்கான நாள் நீளமுள்ள ஆட்டங்களைக் கண்டு 1993இல் எழுதியது.

எல்லா ராட்சத விண்மீனுக்கும் கோள் இருந்தாக வேண்டுமா? அதைவிட, ராட்சத விண்மீன்களே இப்படி ஆடும் இயல்புடையவை என்பது எளிய விளக்கம். மேற்பரப்பில் பெரிய கரும்புள்ளி ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். விண்மீன் சுழலும்போது ஒரு விளிம்பு நம்மை நோக்கி வரும், மறு விளிம்பு விலகும். புள்ளி எந்த விளிம்பில் இருக்கிறதோ அந்தப் பக்கத்து ஒளி குறையும். கோட்டின் மையம் மறுபக்கம் சாயும். விண்மீன் அசையாமலே அசைந்ததுபோல் தெரியும். சுழற்சிக் காலமே சுற்றுக்காலமாக வேடம் போடும்.

காமா செஃபை உப்பிக்கொண்டிருக்கும் விண்மீன் என்பது தெரியும். எவ்வளவு உப்பியது என்பதுதான் கேள்வி. அரை வழி வந்த துணை ராட்சதனா, முழு ராட்சதனா? அந்நேரத்தில் நிறமாலை வகைப்பாடு அதை ராட்சதர் பக்கம் தள்ளியது. ராட்சதன் என்றால் இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை சோம்பலாகச் சுழல்வது நடக்கக்கூடியதே. ஐந்து சூரிய அகலம் என்று வைத்துக் கணக்கிட்டால் நடுக்கோட்டில் வேகம் வினாடிக்குக் கால் கிலோமீட்டர் சொச்சம் வரும். அவ்வளவு மெல்லிய சுழற்சியை அன்றைய நிறமாலையிலிருந்து நேராகப் பிரித்தெடுக்க முடியாது. ஆகவே சுழற்சி என்ற விளக்கத்தை வெட்டிவிடவும் வழியில்லை.

## 1992: பின்வாங்கல்

கடைசித் துரும்பாக வந்தது கால்சியம். விண்மீனின் மேல்வளி மண்டலம் கொதிக்கும்போது கால்சியம் கோட்டின் ஆழம் மாறும். கரும்புள்ளி நிறைந்த முகம் நம் பக்கம் திரும்பும்போதெல்லாம் அது கூடிக் குறையும். 8662 ஆங்ஸ்ட்ரம் அலைநீளத்தில் விழும் கால்சியம் கோட்டை அளந்து பார்த்ததில், தரவின் ஒரு பகுதியில் திசைவேகத்தோடு நெருங்கிய ஒரு காலச்சுற்று தென்பட்டது. கோள் இருந்தால் அதற்கும் விண்மீனின் கால்சியத்துக்கும் தொடர்பு இருக்கக்கூடாது.

புதிய புள்ளிகளையும் சேர்த்தபோது திசைவேகத்தின் சுற்றுக்காலம் 2.52 ஆண்டு என்று திருந்தியது. 1992இல் வந்த கட்டுரையின் தலைப்பே சுழற்சியா, கோளா என்ற கேள்வி. உள்ளே சாய்ந்த பக்கம் சுழற்சி.

அந்த ஆண்டின் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். 1991இல் ஒரு துடிப்பு விண்மீனுக்கு (சீரான இடைவெளியில் வானொலித் துடிப்பு அனுப்பும் இறந்த விண்மீன்) கோள் இருப்பதாக இங்கிலாந்திலிருந்து அறிவிப்பு வந்து உலகெங்கும் பேசப்பட்டது. 1992 ஜனவரியில், பூமியின் பாதை வட்டமல்ல, நீள்வட்டம் என்பதைக் கணக்கில் சரியாகச் சேர்க்காததால் வந்த பிழை அது என்று அதைக் கண்டவரே மேடையேறிச் சொன்னார். அவையோர் எழுந்து நின்று கைதட்டினார்கள் என்பது வானியலில் பலமுறை சொல்லப்படும் செய்தி. அதே கூட்டத்தில் வேறொரு துடிப்பு விண்மீனின் உண்மையான கோள்கள் முன்வைக்கப்பட்டன என்பதை அவ்வளவாக யாரும் நினைவுகூர்வதில்லை.

காமா செஃபை குழு இந்தக் காற்றால் வளைந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் காட்டிய காரணங்கள் தரவிலிருந்து வந்தவை. ஆனால் இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கும் தராசில் எந்தப் பக்கம் விரல் வைப்பது பாதுகாப்பு என்பதை அந்த ஆண்டு எல்லோருக்கும் கற்றுக்கொடுத்திருந்தது.

## இடைப்பட்ட பத்தாண்டு

ஹவாய் தேடல் 1992இல் நின்றது. விஷ வாயுவோடு போராடி முதலில் அந்தக் குறியைக் கண்ட இளம் ஆய்வாளருக்கு நிலையான பணி கிடைக்கவில்லை. அவர் துறையையே விட்டுப் போனார். 1995 ஆகஸ்டில் மீதமிருந்தவர்கள் 21 விண்மீன்கள், 12 ஆண்டு என்ற முழுக் கணக்கையும் வெளியிட்டார்கள்: வியாழன் போன்ற கோள் எதுவும் உறுதியாகக் கிடைக்கவில்லை.

இரண்டே மாதம். அக்டோபரில் ஜெனீவாவிலிருந்து 51 பெகாசி விண்மீனின் கோள் அறிவிக்கப்பட்டது. நான்கு நாளுக்கு ஒரு சுற்று, வினாடிக்கு 50 மீட்டருக்கு மேல் ஆட்டம். ஹவாய்க் குடுவையின் துல்லியத்துக்கு அது எளிதில் அகப்பட்டிருக்கும். அந்த விண்மீன் அவர்கள் 21இல் இல்லை.

டெக்சஸில் மட்டும் காமா செஃபையை அளப்பது நிற்கவில்லை. 1980களின் இறுதியில் 2.7 மீட்டர் தொலைநோக்கியில் தொடங்கிய தேடல் அது. முதலில் பூமியின் காற்றிலுள்ள ஆக்சிஜன் கோடுகளையே அளவுகோலாகக் கொண்டார்கள். பிறகு அயோடின் குடுவை. பின்பு புதிய நிறமாலைமானி. மூன்று கட்டம், மூன்று விதத் துல்லியம். கைவிடப்பட்ட ஒரு விண்மீனுக்கு ஏன் இரவுகளைச் செலவிட்டார்கள்? பட்டியலில் இருந்ததை எடுக்கவில்லை, அவ்வளவுதான். இந்த நிகழ்வில் எடுக்கப்பட்ட மிகப் பயனுள்ள முடிவு, யாரும் முடிவு என்று நினைக்காத இந்த ஒன்று என்று எனக்குத் தோன்றுகிறது.

## 2002, 2003: திரும்பி வந்தது

டெக்சஸ் குழு தன் மூன்று தொகுப்புகளையும் ஹவாயின் பழைய தொகுப்பையும் ஒன்றாக வைத்தது. 1981 முதல் 2002 வரை 21 ஆண்டு. துணை விண்மீனின் பாதையையும் சிற்றலையையும் தனித்தனியே கழிக்காமல் ஒரே கணக்கில் சேர்த்துத் தீர்த்தார்கள்.

சிற்றலை 906 நாள் என்று வந்தது, 2.48 ஆண்டு. வீச்சு வினாடிக்கு 27.5 மீட்டர். எட்டுச் சுற்றுக்கு மேல் கடந்தும் தாளம் தப்பவில்லை. 1980களில் ஹவாயில் பதிந்த மேடும் பள்ளமும் 2000இல் டெக்சஸில் பதிந்த மேடு பள்ளங்களோடு ஒரே கடிகாரத்தில் விழுந்தன. கரும்புள்ளிகள் பிறக்கும், கரையும், வேறிடத்தில் முளைக்கும். இருபது ஆண்டு ஒரே இடத்தில் ஒரே அளவில் நிற்பது அவற்றின் இயல்பில் இல்லை.

மற்ற சோதனைகளும் அதே பக்கம் நின்றன. ஹிப்பார்க்கோஸ் செயற்கைக்கோளின் ஒளி அளவீட்டில் அந்தக் காலச்சுற்று இல்லை. கால்சியத்தை நீண்ட தொகுப்பில் அளந்தபோது அதிலும் இல்லை. நிறமாலைக் கோட்டின் வடிவம் சாயவில்லை. புள்ளியாக இருந்திருந்தால் இம்மூன்றில் ஒன்றாவது அசைந்திருக்க வேண்டும். விண்மீனும் முழு ராட்சதன் அல்ல, துணை ராட்சதன் என்று வகை திருத்தப்பட்டது.

2002இல் அறிவிப்பு, 2003இல் கட்டுரை. அதன் ஆசிரியர் பட்டியலில் ஹவாய்க் குழுவினரும் இருக்கிறார்கள், துறையை விட்டுப் போனவர் உட்பட.

## பின்பு தெரிந்தவை

2007இல் துணை விண்மீனின் படமே கிடைத்தது, அதே மௌனா கியா மலையில் உள்ள 8.2 மீட்டர் சுபாரு தொலைநோக்கியின் உதவியோடு. எடை, பாதை எல்லாம் திருந்தின. 2003இல் 57 ஆண்டு என்று மதிப்பிட்ட சுற்றுக்காலம் 67 ஆண்டை நெருங்கியது. கோளின் எடை 1.7 வியாழன் என்பது எப்போதும் குறைந்தபட்ச மதிப்புதான். பாதை நமக்கு எந்தச் சாய்வில் தெரிகிறது என்பதைப் பொறுத்து உண்மை எடை கூடும். ஹபிள் தொலைநோக்கியின் நிலை அளவீடுகளைச் சேர்த்து 2018இல் வந்த கணக்கு அதை ஒன்பது வியாழனுக்கு மேல் என்கிறது.

இவ்வளவு நெருக்கமான இரட்டையில் கோள் உருவானது எப்படி என்ற கேள்வி தனி. துணை 12 அலகு வரை நெருங்கி வந்து போகும்போது, முதன்மையைச் சுற்றியிருந்த தூசித் தட்டு நான்கைந்து அலகுக்கு அப்பால் தங்கியிருக்க முடியாது. மிஞ்சிய சிறு தட்டிலிருந்து இத்தனை பெரிய கோள் திரண்டது கோட்பாட்டாளர்களுக்கு இன்றும் தலைவலி.

2015இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் பொதுமக்கள் வாக்கெடுப்பில் கோள்களுக்குப் பெயர் வைத்தபோது, இதற்கு தத்மோர் என்ற பெயர் கிடைத்தது. சிரியாவின் பழம்பெரும் பல்மைரா நகரத்தின் பெயர் அது. அந்நகரின் கோயில்கள் போரில் தகர்க்கப்பட்ட அதே ஆண்டு.

இவற்றில் இந்த ஆய்வுக்கு முக்கியமானது இன்னொன்று. திருந்திய பாதைக் கணக்கின்படி இரு விண்மீன்களும் மிக நெருங்கியது 1991 நடுவில். அதாவது, பின்வாங்கல் கட்டுரை எழுதப்பட்ட நேரத்தில் பெரிய அலை தன் பாதையிலேயே மிகக் கூர்மையான வளைவைக் கடந்துகொண்டிருந்தது. சிற்றலையைப் பிரித்தெடுக்க அதைவிட மோசமான நேரம் 67 ஆண்டில் இன்னொன்று இல்லை. அவர்களுக்கு அது தெரிய வழியில்லை.

## எதை மாற்றலாம்

1988இல் சொன்னதை மாற்ற மாட்டேன். 1992இல் தயங்கியதையும் மாற்ற மாட்டேன். ராட்சத விண்மீன்கள் குறித்த அச்சம் வீணானதல்ல. போலக்ஸுக்குக் கோள் உண்டு என்று 2006இல் உறுதியானது, ஆனால் ரோகிணிக்கு 2015இல் சொல்லப்பட்ட கோள் சில ஆண்டிலேயே ஐயத்துக்குள்ளானது. ஒரே மாதிரித் தெரிந்த ஆட்டங்களில் சில கோள், சில இல்லை.

மாற்ற வேண்டியது தயக்கத்தை எழுதிய விதத்தை. சுழற்சி, கோள் ஆகிய இரண்டு விளக்கமும் எதிர்காலத்தைப் பற்றி வெவ்வேறு விதமாகச் சொல்கின்றன. புள்ளி என்றால் இன்னும் இரண்டு மூன்று சுற்றில் தாளம் தப்பும், வீச்சு மாறும். கோள் என்றால் தப்பாது. 1992இலேயே, இன்ன ஆண்டு இன்ன மாதம் திசைவேகம் உச்சத்துக்கு வந்தால் கோள், வராவிட்டால் சுழற்சி என்று எழுதி வைத்திருக்கலாம். அப்படி ஒரு வரி இருந்திருந்தால் 1997, 98 வாக்கில் டெக்சஸ் தரவை வைத்தே யாராவது சோதித்துப் பார்த்திருப்பார்கள். கேள்விக்குறியோடு முடிந்த தலைப்பைப் பலரும் முற்றுப்புள்ளியாகப் படித்துவிட்டார்கள்.

கால்சியச் சான்றுக்குக் கொடுத்த எடையும் அதிகம். தரவின் ஒரு பகுதியில் மட்டும் தெரியும் காலச்சுற்று, நான்கைந்து சுற்றே கண்ட திசைவேகத்தோடு ஒத்துப்போவது தற்செயலாகவும் நடக்கும். கோள் இருப்பதாகச் சொல்லும் சான்றிடம் கேட்ட கடுமையான கேள்விகளை, கோள் இல்லை என்று சொல்லும் சான்றிடம் யாரும் கேட்கவில்லை. விண்மீன் வகைப்பாடும் அப்படியே. அது வெளியிலிருந்து வந்த தகவல், அதைத் தனியாகச் சோதிக்காமல் தராசில் வைத்தார்கள்.

மூன்றாவது, தரவு. இது சரியாக நடந்தது, ஆகவே மாற்ற எதுவுமில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். துறையை விட்டுப் போனவரின் அளவீடுகள், நின்றுபோன திட்டத்தின் அளவீடுகள், பத்தாண்டு கழித்து வேறு நாட்டுக் குழு எடுத்துப் பயன்படுத்தும் நிலையில் இருந்தன. எந்த இரவு, எந்த மதிப்பு, எவ்வளவு பிழை என்று தெளிவாக அச்சிட்டு வைத்திருந்தார்கள். அந்த 1980களின் புள்ளிகள் இல்லாமல் டெக்சஸ் தரவு மட்டும் இருந்திருந்தால், துணையின் பாதையும் பிடிபட்டிருக்காது, கோளின் கடிகாரமும் எட்டுச் சுற்று ஓடியிருக்காது.

அளவீடு இன்றும் தொடர்கிறது. துணை விண்மீன் இப்போது விலகிய தொலைவில் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது, பெரிய அலை கிட்டத்தட்ட நேர்கோடாக இருக்கும் வசதியான காலம் இது. கோளின் உண்மை எடையைத் தீர்க்க வேண்டியவர்கள் இந்த ஆண்டுகளில் தீர்த்துக்கொள்வது நல்லது. இரண்டு விண்மீன்களும் மறுபடி நெருங்கும் கூர்மையான வளைவு 2058 வாக்கில் வருகிறது.